நடுக்கடலில் படகை நிறுத்திக் குதிக்கலாமா? மத்தியதரைக் கடல் ரீல்ஸும் நம்ம ஊர்க் கடலும்

அடி அண்ணாமலையில் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள், பக்கத்துத் தெரு நண்பர்கள் என ஏழு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். கிரிவலம் அன்று யார் வீட்டில் பைக்கை நிறுத்துவது என்பதுதான் அதில் வழக்கமாக ஓடும் பேச்சு. போன மாதம் சித்தப்பா மகள் அதில் ஒரு ரீல் போட்டாள். துருக்கிக் கடற்கரை. ஒரு மரப்படகு, கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், மேல்தளத்திலிருந்து ஒவ்வொருவராகக் குதிக்கிறார்கள், ஏணியில் ஏறி வருகிறார்கள், தர்பூசணித் துண்டைக் கடித்துக்கொண்டு திரும்பவும் குதிக்கிறார்கள். கீழே ஒரே ஒரு வார்த்தை: "போலாமா?"

விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் துருக்கி மூன்றே நிமிடத்தில் முடிந்துபோனது. அடுத்த யோசனை உடனே வந்தது. நமக்குத்தான் கடல் இருக்கே? இங்கிருந்து புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காலையில் கிளம்பி, ஒரு படகைப் பேசி, நடுக்கடலில் நிறுத்தச் சொல்லிக் குதித்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாமே? இன்னொருத்தன் அதைவிடச் சுலபமாக, சாத்தனூர் அணையே போதும் என்றான். முதலைப் பண்ணை இருக்கிற அணை அது என்று யாரோ ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

குழுவில் பெரியப்பா மகன் மட்டும் "வேணாம்" என்று எழுதினார். காரணம் சொல்லவில்லை. அந்தக் காரணம் எனக்குத் தெரியும். பின்னால் சொல்கிறேன்.

கேள்வி என்னவோ நியாயமானதுதான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற மாநிலத்தில், ஒரு நாள் முழுக்கப் படகில் போய் இடையிடையே இறங்கி நீந்திவிட்டு வருகிற ஒரு சாதாரணச் சுற்றுலா ஏன் கண்ணில் படுவதே இல்லை?

அந்தப் படகில் என்னதான் நடக்கிறது?

மத்தியதரைக் கடல் ஊர்களில் இது பெரிய பணக்கார விஷயம் கிடையாது. துருக்கியின் போத்ரும், மார்மரிஸ், ஃபெத்தியே, இத்தாலியின் காப்ரி, குரோஷியாவின் துப்ரோவ்னிக் என்று எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் கோடையில் இந்தப் படகுகள் வரிசை கட்டி நிற்கும். காலை பத்து மணி வாக்கில் கிளம்பி, மாலை ஐந்து மணி வாக்கில் திரும்பும். நடுவில் நான்கைந்து இடங்களில் நங்கூரம் போடுவார்கள். மதியச் சாப்பாடு படகிலேயே. துருக்கியின் குலெத் என்ற மரப்படகுகள் முதலில் மீன் பிடிக்கவும் கடற்பஞ்சு எடுக்கவும் போனவை. அதே வடிவத்தில் இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறார்கள்.

ரீலைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒன்று தெரியும். படகு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். திறந்த கடலில் இல்லை. மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த ஒரு குடாவுக்குள் நிற்கிறது. காற்று படாத மறைவான இடம். என்ஜின் அணைந்திருக்கிறது. ஏணி தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. குதிக்கிறவர் திறமைசாலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுமாராக நீந்தத் தெரிந்தாலும் சமாளித்துவிடலாம். அவருக்காக இடமும் படகும் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கின்றன.

கடல் என்றால் எல்லாம் ஒரே கடல்தானே?

இல்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றிலும் நிலம். மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலோடு அதைச் சேர்க்கிற ஜிப்ரால்டர் நீரிணை, குறுகலான இடத்தில் வெறும் 14 கிலோமீட்டர் அகலம்தான். பெருங்கடலில் எங்கோ புயல் அடித்தால் கிளம்பும் பெரிய அலைகளுக்கு உள்ளே வர வழியில்லை. அங்கே அலை வேண்டுமென்றால் அங்கேயே காற்றடிக்க வேண்டும். கோடையில் மழையும் அநேகமாக இல்லை.

தண்ணீர் ஏன் அவ்வளவு தெளிவாக இருக்கிறது? ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் குறைவு, மிதவை நுண்ணுயிர்களுக்கு வேண்டிய சத்தும் குறைவு. கொஞ்சம் முரணாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான்: அந்த அழகான நீலம், உணவு குறைவான கடலின் நிறம். நம்முடைய பச்சை கலந்த கலங்கல் தண்ணீரில் மீனுக்குச் சாப்பாடு நிறைய இருக்கிறது.

உப்பும் வேறு. பெருங்கடல்களில் ஒரு கிலோ நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு என்றால் மத்தியதரைக் கடலில் சுமார் 38 கிராம். வெயிலில் ஆவியாகிற அளவுக்கு ஆற்று நீர் வந்து சேர்வதில்லை. உப்பு கூடினால் மிதப்பது கொஞ்சம் சுலபம். வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி எல்லாம் வந்து விழுவதால் உப்பு குறைவு.

இப்போது நம் பக்கம் வருவோம். கன்னியாகுமரியில் நின்று தெற்கே பாருங்கள். சில குட்டித் தீவுகளைத் தவிர, அண்டார்டிகா வரைக்கும் தடுக்கப் பெரிய நிலம் எதுவும் இல்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலடித்தால் அங்கே கிளம்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் கரையில் வந்து விழும். இங்கே காற்றே இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் திடீரெனப் பொங்கும். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் கேரள, குமரி மாவட்ட மீனவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கள்ளக்கடல்'. ஐதராபாத்தில் இருக்கிற இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், இப்போது அதே பெயரிலேயே எச்சரிக்கை வெளியிடுகிறது.

2024 மே 6. கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நேரத்தில், குமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அவர்கள் நடுக்கடலுக்குப் போகவில்லை. கரையோரம்தான் நின்றார்கள்.

சோழமண்டலக் கரையின் சேட்டை

சென்னை முதல் நாகை வரையிலான கிழக்குக் கரைக்கு வேறொரு குணம் உண்டு. நேர்க்கோடு போட்ட மாதிரி மணல். பாறை இல்லை, குடா இல்லை, காற்றுக்கு மறைவு இல்லை. சென்னைக்கு இயற்கைத் துறைமுகமே கிடையாது. 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை, கப்பல்கள் தள்ளித்தான் நின்றன. ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகளில் ஏற்றி அலையைக் கடந்து கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கித் தரையில் அடித்தாலும் உடையாமல் வளைந்துகொடுக்கும். ஒரு கரையில் படகையே தைத்துக் கட்ட வேண்டியிருந்தது என்றால், அந்த அலையின் கோபத்தை யோசித்துப் பாருங்கள்.

இந்த மணல் கரையில்தான் 'திரும்பு நீரோட்டம்' என்ற ஆபத்து இருக்கிறது. நீரோட்டத்தை நம் மீனவர்கள் நீவாடு என்பார்கள். அலைகள் தொடர்ந்து கரையில் தண்ணீரைக் கொண்டுவந்து குவிக்கின்றன. குவிந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல் திட்டுகள் இருக்கும். அவற்றுக்கு இடையே எங்கே பள்ளம் கிடைக்கிறதோ, அந்த வழியாக மொத்தத் தண்ணீரும் ஓடையாகக் கடலுக்குள் பாயும். அது வேகமெடுத்தால் ஒலிம்பிக் வீரர் நீந்துவதைவிட வேகமாகப் போகும்.

கொடுமை என்னவென்றால், இந்த ஓடை இருக்கிற இடத்தில் அலை உடையாது. வெள்ளை நுரை இல்லாமல், பார்க்க அமைதியாக இருக்கும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்த குடும்பம் இங்கேதான் அலை கம்மி என்று சரியாக அந்த இடத்தில் இறங்கும்.

பெரியப்பா மகன் அப்படித்தான் இறங்கினார். நாங்கள் எல்லாருமே அண்ணன் என்று கூப்பிடுகிறவர். ஆறு வயதிலிருந்து கிணற்றில் நீந்துகிறவர். மோட்டார் ரூம் மேலிருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதிப்பார், அடியிலிருந்து மண் எடுத்து வந்து காட்டுவார். கல்லூரி இரண்டாம் ஆண்டில் நண்பர்களோடு புதுச்சேரிக்கு வடக்கே ஒரு கடற்கரைக்குப் போனார். இடுப்பளவு தண்ணீரில் நின்றவரை நீவாடு இழுத்தது. நீந்தத் தெரிந்ததால் பயப்படவில்லை. கரையைப் பார்த்து நேராக நீந்தினார். நீந்த நீந்தக் கரை தூரம் போனது. கிணற்றில் பத்து கை போட்டால் சுவரைப் பிடித்துவிடலாம், இங்கே பிடிக்க எதுவுமில்லை. கை சோர்ந்து, தண்ணீர் குடித்து, இரண்டு முறை உள்ளே போய் வந்த பிறகு, வலை இழுத்துக்கொண்டிருந்த ஃபைபர் படகுக்காரர்கள் பார்த்துத் தூக்கிப் போட்டார்கள். அன்று அவரோடு போனவர்களில் யாரும் எங்கள் ஊரில் இதைச் சொல்லவில்லை. எனக்கே அவர் சொன்னது மூன்று வருடம் கழித்துத்தான்.

அவர் செய்த தவறு ஒன்றுதான். ஓடையை எதிர்த்து நீந்தினார். இந்த இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும். அகலமும் பெரும்பாலும் குறைவு. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தினால் அதைவிட்டு வெளியே வந்துவிடலாம். பிறகு அலையோடு சேர்ந்து கரைக்கு வரலாம். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். தெரிந்தால் இவ்வளவு சின்ன விஷயம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இந்தியாவில் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். இதில் கிணறு, ஏரி, ஆறு எல்லாமே அடக்கம்.

அப்படியானால் எங்கேதான் முடியும்?

தமிழ்நாட்டில் மத்தியதரைக் கடல் மாதிரி அமைதியான, அடி தெரிகிற தண்ணீர் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. ஆனால் அங்கே நாம் நினைத்தபடி படகை நிறுத்திக் குதிக்க முடியாது. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் இறங்கக் கூடாது.

அநியாயமாகத் தோன்றலாம். கொஞ்சம் பின்கதையைக் கேளுங்கள். முன்பு சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் இந்தப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. இப்போது 21 என்று சொல்கிறோமே, மூழ்கிப்போன அந்த இரண்டையும் சேர்த்த கணக்கு அது. அதற்கு மேல் 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போயின. ஒரு படகு போடும் நங்கூரமும், மிதப்பவர் தெரியாமல் ஊன்றும் காலும் பல ஆண்டுகள் வளர்ந்த பவளத்தை நொடியில் உடைத்துவிடும்.

ரீல்ஸ் ஊர்களிலேயே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. மத்தியதரைக் கடலின் அடியில் பொசிடோனியா என்றொரு கடற்புல் புல்வெளி மாதிரிப் படர்ந்திருக்கிறது. நங்கூரங்கள் அதைப் பிடுங்கி எறிவதால் பிரான்ஸும், ஸ்பெயினின் பலியாரிக் தீவுகளும் அதன் மேல் நங்கூரம் போடுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கின்றன. மால்டாவில் ப்ளூ லகூன் என்ற புகழ்பெற்ற இடத்துக்கு, கூட்டம் தாங்காமல், 2025 முதல் முன்பதிவு முறை வந்துவிட்டது.

நமக்கு அருகிலேயே சட்டப்படி போகக்கூடிய இடம் என்றால் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காடு. தொண்டி பக்கம் இருக்கிற மீனவ கிராமம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா அது. அலையாத்திக் காட்டுக்குள் படகு, துடுப்புப் போடும் கயாக், பிறகு ஆழம் குறைந்த இடத்தில் ஸ்நார்கெலிங், அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடியே கீழே பார்ப்பது. ஒரு நாள் முழுக்கக் கடலில் இருக்கிற அனுபவம் கிடைக்காது. கடலில் முதன்முதலாக முகத்தை முக்குவதற்கு நல்ல இடம். பாக் விரிகுடாவில் கடற்புல்வெளிகள் அதிகம். அவற்றை மேயும் ஆவுளியாவுக்காக 2022-ல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தது. அது இன்னும் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில். பிச்சாவரம், முட்டுக்காடு எல்லாம் படகுக்கு மட்டும். நீச்சலுக்கு இல்லை.

ஒரு முழு நாள், படகு, நீச்சல், மூன்றும் சேர்ந்து வேண்டுமென்றால் அந்தமான்தான். போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அருகே வண்டூர் என்ற துறை. அங்கிருந்து மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குக் காலையில் படகு கிளம்பும். ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளை மாறி மாறித் திறக்கிறார்கள். ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்றுக்கு ஓய்வு. பிளாஸ்டிக் பையோ பாட்டிலோ கொண்டுபோக விடமாட்டார்கள். பவளத்தைப் பார்க்கக் கண்ணாடி அடித்தளப் படகும் உண்டு. இறங்கினால் வழிகாட்டி ஒருவர் மிதவை வளையத்தோடு கூடவே வருவார், நீச்சல் தெரியாதவர்கள் அதைப் பிடித்தபடி மிதக்கலாம். அந்தமானில் தமிழர்கள் ஏராளம் என்பதால் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை.

இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரே புறாத் தீவு இருக்கிறது. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர்தான். அதுவும் தேசியப் பூங்கா, அனுமதிச் சீட்டு வாங்கிப் படகில் போக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை கிழக்கு இலங்கைக் கடல் அமைதியாக இருக்கும். மற்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது அங்கே சீசன்.

நாள் முழுக்க நீந்துகிறவர்கள்

படகும் நீச்சலும் ஒரு நாள் பூராவும் சேர்ந்து நடக்கிற ஒரு விஷயம் தமிழர் கடலில் 70 ஆண்டுகளாக இருக்கிறது. பாக் நீரிணையைக் கடப்பது. யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி 1954-ல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்தார். 1966-ல் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 25 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதே ஆண்டில் அவர் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் என மத்தியதரைக் கடல் பக்கத்து நீரிணைகளையும் நீந்திக் கடந்தார். ஆழிக்குமரன் ஆனந்தன் என்று ஈழத்தில் அன்போடு அழைக்கப்படும் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் 1971-ல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே போகவரச் சேர்த்து 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார்.

நம் அம்மா, அப்பா தலைமுறைக்கு மறக்காத பெயர் குற்றாலீஸ்வரன். 1994-ல், 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்த பையன். அதே ஆண்டு ஆங்கிலக் கால்வாய், இத்தாலியின் மெசினா நீரிணை என மொத்தம் ஆறு இடங்கள். ஓராண்டில் ஐந்து என்ற மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டினார். எங்கள் வீட்டில் அப்பா இப்போதும் யாராவது நன்றாக நீந்தினால் "பெரிய குற்றாலீஸ்வரன்" என்பார். 2022 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த 13 வயது ஜியா ராய், ஆட்டிசம் உள்ள சிறுமி, தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் கடந்தார்.

இந்த நீச்சல்களில் என்னைக் கவர்ந்தது படகுதான். நீந்துகிறவர் படகைத் தொடக் கூடாது, அதுதான் விதி. சாப்பாடும் தண்ணீரும் கயிற்றிலோ கம்பிலோ கட்டி நீட்டுவார்கள், மிதந்தபடியே குடித்துவிட்டுத் திரும்ப நீந்த வேண்டும். படகிலிருப்பவருக்கு நாள் முழுக்க ஒரே வேலை: கண்ணை எடுக்காமல் பார்ப்பது. கை போடும் வேகம் குறைகிறதா, கேட்டதற்குச் சரியாகப் பதில் வருகிறதா, நீவாடு எந்தப் பக்கம் தள்ளுகிறது, சொறி மீன் கூட்டம் வருகிறதா. பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான் முயல்கிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்கு தொடங்காத இடைவெளி அது. இரண்டு நாட்டு அனுமதி, கடற்படை, கடலோரக் காவல் படைக்குத் தகவல் என மாதக்கணக்கில் ஏற்பாடு நடக்கும். நாட்டின் தலைசிறந்த நீச்சல்காரருக்கே இவ்வளவு காவல் என்றால், கிணற்றில் கற்றுக்கொண்ட ஏழு பேருக்கு எவ்வளவு வேண்டும்?

படகைப் பேசும்போது என்ன பார்க்கணும்?

மீன்பிடிப் படகுக்காரரிடம் ஐநூறு, ஆயிரம் கொடுத்து "ஒரு ரவுண்டு" கூட்டிப்போகச் சொல்வது பல கடற்கரைகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தப் படகு மீன் பிடிக்கத்தான் பதிவு செய்யப்பட்டது, ஆட்களை ஏற்ற அல்ல. அவர் கெட்டிக்காரர்தான், கடலை நம்மைவிட ஆயிரம் மடங்கு தெரிந்தவர்தான். ஆனால் அவர் படகில் ஏணி கிடையாது. தண்ணீரில் இறங்குவது ஒரு நொடி, ஆடுகிற படகின் விளிம்பைப் பிடித்து நனைந்த உடம்போடு மேலே ஏறுவதுதான் பாடு. களைத்தவரால் முடியவே முடியாது.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகை மாற்றி அமைத்ததுதான். அளவுக்கு மீறி ஆள், இருட்டிய பிறகு பயணம். 22 பேர் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். ஏரி, கழிமுகம், ஆறு போன்ற உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் என்ஜின் படகுகளுக்கு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 இருக்கிறது. பதிவும் தகுதிச் சான்றும் காப்பீடும் கட்டாயம். எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் படகில் எழுதியிருக்க வேண்டும். அதைப் பாருங்கள், பிறகு தலையை எண்ணுங்கள். கூடுதலாக ஒருத்தர் இருந்தாலும் இறங்கிவிடுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, இறங்கினால் போதும்.

லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு மட்டும் மாட்டுவது நம் பழக்கம். படகு கவிழ்ந்தால் அதைத் தேடிப் போட நேரம் இருக்காது. போட்டு, எல்லாக் கொக்கியும் மாட்டி, தோள்பட்டையில் யாராவது மேல்நோக்கி இழுத்துப் பார்க்கட்டும். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

நீச்சலுக்கு அனுமதி உள்ள இடத்தில் படகு நின்ற பிறகு ஒரு சின்னச் சோதனை செய்யலாம். தேங்காய் மட்டை மாதிரி மக்கக்கூடிய எதையாவது தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது விறுவிறுவென்று விலகிப் போனால் நீங்களும் அப்படித்தான் போவீர்கள். இறங்க வேண்டாம். மெதுவாக நகர்ந்தால், அது வருகிற திசையை நோக்கி முதலில் நீந்துங்கள். களைத்தால் நீரோட்டமே படகுக்குத் திருப்பிக் கொண்டுவரும். என்ஜின் அணைந்ததா என்று கேட்டு உறுதி செய்யாமல் யாரும் இறங்கக் கூடாது. படகின் பின்னால் மிதவை கட்டிய நீளமான கயிறு ஒன்று கிடக்கட்டும். இறங்கியது எத்தனை பேர், ஏறியது எத்தனை பேர் என்று எண்ணுவதற்கென்றே ஒருத்தர் மேலே இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. மது அருந்தியவர் படகிலேயே உட்காரட்டும். சொறி மீன் பட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல் நீராலேயே கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினால் தாமதிக்கவே கூடாது.

கிளம்பும் முன் இன்காய்ஸ் இணையதளத்தில் அன்றைய அலை உயரத்தைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதைவிட நல்ல வழி, துறையில் நிற்கும் வயசான மீனவரிடம் "இன்னிக்கு கடல் எப்படிங்கய்யா இருக்கு?" என்று கேட்பது. கொண்டல், கச்சான், வாடை என்று காற்றின் பேரிலேயே பதில் வரும். அவர் தலையை ஆட்டினால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

குழுவில் இப்போது

எங்கள் ஏழு பேரில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று கடைசியில்தான் கேட்டோம். மூன்று பேர். அந்த மூன்றில் இரண்டு பேருக்குக் கிணற்றைக் குறுக்கே கடக்கத் தெரியும், அவ்வளவுதான். கையை அசைக்காமல் ஐந்து நிமிடம் மிதக்கச் சொன்னால் தெரியாது. கிரிவலப் பாதையில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால்தான் வருண லிங்கம் இருக்கிறது. நீருக்கே அதிபதியான வருணன் பக்கத்திலேயே இருந்தும் எங்களுக்கு மிதக்கத் தெரியவில்லை என்று சித்தப்பா மகள் கிண்டலடித்தாள். அவளுக்கும் தெரியாது. பெண் பிள்ளைகளைக் கிணற்றில் இறங்க விடாத வீடு எங்களுடையது.

அந்தமான் என்று முடிவாகியிருக்கிறது. "வேணாம்" என்று எழுதிய அண்ணன் ஒரு நிபந்தனையோடு வருகிறேன் என்றார். பத்து நிமிடம் மல்லாந்து மிதக்காத யாருக்கும் டிக்கெட் போடக் கூடாது. அவரே கற்றுத்தருகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, பெரியப்பா நிலத்துக் கிணறு. கல்லைக் குடைந்து வெட்டிய கிணறு, ஒரு பக்கம் படி. சின்ன வயதில் அவருக்கு இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கினார்களாம். எங்களுக்கு லாரி டியூப். மூன்று வாரம் ஆகிறது. நான் நான்கு நிமிடம் மிதக்கிறேன், காதில் தண்ணீர் போனதும் பயந்து எழுந்துவிடுகிறேன். சித்தப்பா மகள் போன வாரம் ஏழு நிமிடத்தைத் தொட்டாள். அவளைக் கிணற்றுக்கு அனுப்புவதற்குச் சித்தியிடம் பேசியதும் அண்ணன்தான். என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்று கேட்டேன். புதுச்சேரியில் நடந்ததைச் சொன்னேன் என்றார்.